ஃபிளாப் லீவரில் என் கை

ஒரே ஒரு விமானப் புத்தகத்தைப் பாதி படித்துவிட்டு, விமானியையே சந்தேகித்த மேதை நான். விமானி என் மைத்துனன். தாராளமயம் வந்த புதிதில் அமெரிக்கா போய் ஓட்டக் கற்றவன். சித்தூரில் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தவனுக்கு யார் லைசென்ஸ் கொடுத்திருப்பார்கள்?

ஒற்றை எஞ்சின் விமானத்தில் திருப்பதியில் இறங்கப் போகிறோம். வேகம் குறைய, இறக்கையின் பின்னாலுள்ள ஃபிளாப் என்ற மடிப்புத் தகட்டை இறக்க வேண்டும் என்றது புத்தகம். அவன் இறக்கவில்லை. மறந்துவிட்டான் என்று முடிவுகட்டி, பக்கத்து சீட்டிலிருந்த நானே அதன் லீவரைப் பிடித்தேன்.

கையில் பளீரென்று அடி விழுந்தது.

"இன்னா பண்ணிகினு கீற மாமா? ஸ்பீடு கொறஞ்சி முள்ளு வெள்ளைக் கோட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி இறக்குனா ஃபிளாப்பு பிச்சிக்கினு பூடும்!"

முள் மெல்ல வெள்ளைக்குள் வந்தது. அப்புறம்தான் இறக்கினான். சந்தேகப்படுவதற்கும் முழுப் புத்தகம் படித்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

தரையில் காத்திருந்த என் மனைவியிடம் அவன் சொன்னான்: "அக்கா, இனிமே மாமாவ பஸ்ல கூட டிரைவர் பக்கத்துல உக்கார வெக்காத."