நெல்ஃபா வாங்கிய இயர்போன்

இதை எழுதுபவனுக்கு நெல்ஃபா பழக்கமானது ஒரு சட்டைப்பையால். பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத்தில், ஹாரோ சந்தைக்குப் பின்னால் இருக்கும் சலவைக் கடையில் துணி போட்டபோது இவன் பையில் இயர்போனை மறந்துவிட்டான். திரும்ப வாங்கப் போனபோது, நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் அதைத் துடைத்துக் காயவைத்து, மடித்த துணிமேல் சுருட்டி வைத்திருந்தார்.

"பாட்டு கேக்குது தம்பி. ஆனா இடது பக்கம் தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு. தூக்கிப் போட்டுடு," என்றார். "பட்டம் வாங்கின புள்ளைங்களே பையைப் பாக்காம துணி போட்டா, நாங்க என்னத்தச் சொல்றது?"

எல்லாருக்கும் அவர் மனாங். அக்காவுக்கு அங்கே அதுதான் சொல். வாரம் பூராவும் இஸ்திரிப் பெட்டியும் நீராவியும். ஞாயிறு காலை மட்டும் ஆளே வேறு. தெருமுனைச் சபையின் பாட்டுக்குழுவில் இரண்டாம் குரல் அவருடையது. முன்னால் பாடுகிறவரின் மெட்டுக்குக் கீழே, ஒட்டியும் ஒட்டாமலும் ஓடுகிற குரல். பதினோரு வருஷமாக மேடையின் இடது ஓரத்தில், தன் பெயர் ஒட்டிய மைக்குக்கு முன்னால் நின்றார். "அந்த மைக்கும் இல்லேன்னா நான் வெறும் இஸ்திரிக்காரி" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அதில் பாதிதான் சிரிப்பு.

போன மழைக்காலத்தில் சபையில் மேடைத் தரையில் இருந்த ஸ்பீக்கர்களை எடுத்துவிட்டார்கள். இனிமேல் பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் தங்கள் சத்தத்தை இயர்போனில்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். இயர்போன் அவரவர் செலவு. ஒயர் உள்ளதாக இருக்க வேண்டும். ஒயர் இல்லாததில் சத்தம் பிந்தி வரும். வாங்காதவர்கள் வாங்கும்வரை கீழே உட்காரலாம் என்றார்கள்.

கீழே உட்காருவதா? அந்தச் சனிக்கிழமையே நெல்ஃபா மாலின் அடித்தளத்தில் இருந்த இயர்போன் கடைமுன் நின்றார். ஆயிரம் பெசோவைத் தாண்டக் கூடாது என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட கோடு.

"இத மாட்டிப் பாருங்க மனாங். பேஸ் நெஞ்சுல வந்து இடிக்கும்," என்றான் விற்பனைக்காரன்.

"என் நெஞ்ச இடிக்க எங்க முதலாளியம்மா இருக்காங்க. குரல் தெளிவா கேக்கறது எது?"

அவன் ரப்பர் முனையைத் துடைத்து, அவர் காதுக்குச் சின்ன அளவாகப் பார்த்து மாட்டிக் கொடுத்தான். சோதிக்க நெல்ஃபாவிடம் சொந்த வழி ஒன்று இருந்தது. சபையின் போன வார ஆராதனை வீடியோவைப் போட்டார். எல்லா மைக்கின் சத்தமும் வந்து சேரும் மிக்ஸரிலிருந்து நேராகப் பதிவானது. போன் ஸ்பீக்கரில் எல்லாம் ஒரே கூழாகத்தான் கேட்கும். இயர்போனில் தன் குரலைத் தேடினார்.

முதலாவதில் இல்லை. இரண்டாவதில் டிரம்ஸ் தனியாக, கிட்டார் தனியாக, பாஸ்டரின் மனைவி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இவர் மட்டும் இல்லை.

"மட்டம். இன்னொண்ணு எடு."

"மனாங், எங்க கடையில நல்லா ஓடுறதே இதுதான்!"

"ஓடட்டும். ரெண்டாவது குரல முழுங்கிடுது."

நான்காவதையும் அவர் கழற்றி வைத்தபோது அவனுக்குப் பொறுமை போனது. "காதுல ஏதாச்சும் கோளாறா இருக்கப் போகுது மனாங்."

"வாஷிங் மெஷின் ஓடுற சத்தத்துலயும் செருப்புச் சத்தத்த வெச்சே யார் துணி வாங்க வந்திருக்காங்கன்னு சொல்லுவேன். அடுத்தத எடு."

அடுத்தது கோட்டைத் தாண்டியது. ஆயிரத்து எண்ணூறு. கடைசிச் சரணத்தில், எல்லாக் குரலுக்கும் அடியில், நிழல்போல ஒரு முனகல் வந்தது. நெல்ஃபாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"இதோ! நான்தான் இது!" என்று அவன் காதில் ஒரு பக்கத்தைத் திணித்தார்.

அவன் கேட்டுவிட்டுத் தலையாட்டினான். கிறிஸ்துமஸுக்குச் சேர்த்ததில் கைவைத்து அதையே வாங்கினார்.

அன்று சாயங்கால ஒத்திகையில் புது இயர்போனை மாட்டினார். ஒவ்வொரு குரலும் தனித்தனியாக, பக்கத்தில் வந்து நிற்பதுபோலக் கேட்டது. கடைசிச் சரணத்தில் அந்த முனகலும் வந்தது. கண்ணை உயர்த்திப் பார்த்தார். கிட்டார் வாசிக்கிற பையன், தன் மைக்குக்கு முன்னால் வாசித்தபடியே தனக்குள் முனகிக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்ததும் மிக்ஸர் பார்க்கிற ஜெரிக்கிடம் போனார். "என் குரலக் கொஞ்சம் ஏத்துடா. சுத்தமா கேக்கல."

ஜெரிக் நிமிரவில்லை. நெல்ஃபாவே எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு மைக்கின் சத்தத்தையும் ஏற்றி இறக்க வரிசையாக இருந்த கட்டைகளில், அவர் பெயர் போட்ட கட்டை அடிமட்டத்தில் இருந்தது. அதை யாரும் ஏற்றிவிடாதபடி மேலே டேப் ஒட்டியிருந்தது. டேப் மஞ்சளித்திருந்தது.

"இது என்னது?"

"நான் ஒட்டினது இல்ல மனாங். நான் வந்தப்பவே இருந்துச்சு."

"நீ வந்து நாலு வருஷம் ஆச்சே."

"அப்படியே இருக்கட்டும்னு பாஸ்டர் சொன்னாரு. ஒரு ஞாயிறு தவறாம வர்றவங்க, எப்படி மூஞ்சிக்கு நேரா சொல்றதுன்னு…"

"என்னத்தச் சொல்றது?"

ஜெரிக் டேப்பின் ஓரத்தை நகத்தால் தேய்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "உங்க காதுக்கு மட்டும் ஏத்தித் தரேன் மனாங். வெளிய போகாது. யாருக்கும் தெரியாது."

ஏற்றித் தந்தான். நெல்ஃபா திரும்ப மைக்குக்கு வந்து, அந்தச் சரணத்தைப் பாடினார். பதினோரு வருஷத்தில் முதல்தடவையாகத் தன்னைக் கேட்டார். ஒவ்வொரு அடியின் முடிவிலும் குரல் சுருதியிலிருந்து நூலளவு கீழே இறங்கியது. நல்ல இயர்போன், எதையும் மூடி மறைக்கவில்லை. கழித்துவிட்டு வந்த நான்கில் எதை வாங்கியிருந்தாலும் இதே கதிதான், பணமாவது மிஞ்சியிருக்கும்.

"கேட்டுச்சா மனாங்?"

"கேட்டுச்சு. இத அன்னிக்கே யாராவது சொல்லியிருந்தா திருத்தியிருப்பேனேடா. என்னைப் பொம்மையாவா நிக்க வெச்சீங்க?"

டிரம்ஸ்காரர் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றவர்களுக்கெல்லாம் அந்த நேரம் பார்த்து ஒயரில் ஏதோ சிக்கல் வந்துவிட்டது. நெல்ஃபா இயர்போனைச் சுருட்டி அதன் சின்னப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார்.

மறுநாள் ஆராதனையை வீட்டில் உட்கார்ந்து, அதே இயர்போனை மாட்டிக்கொண்டு போனில் பார்த்தார். மேடையின் இடது ஓரம் காலியாக இருந்தது. பாட்டு எப்போதும்போலவே இருந்தது.

சபையிலிருந்து யாரும் கூப்பிட வரவில்லை. நெல்ஃபா இப்போதும் அதே சலவைக் கடையில்தான் இஸ்திரி போடுகிறார்; ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.