மலைக்கு இரண்டு டிக்கெட்

என் அத்தானைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், பதினெட்டு வருஷமாக அவர் வீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு அவரோடே சண்டை போடுகிற மைத்துனி என்பதுதான் தகுதி. கீழே அவரும் அக்காவும். மேலே நானும் என் தையல் மிஷினும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும், அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் மிளகாய்.

அத்தான் இருபத்தொரு வருஷம் மலை ரூட்டில் பஸ் ஓட்டியவர். முப்பத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் எண் எழுதிய கல். அந்தக் கற்களைச் சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். ஏழாவதில் இடது பக்கம் அருவி தெரியும், பன்னிரண்டாவதில் எந்நேரமும் மூடுபனி வழிமறிக்கும் என்று சாப்பாட்டு மேசையிலேயே பஸ்ஸை ஏற்றி இறக்குவார். தட்டில் இருப்பது ஆறிப்போகும். மலையை முன் சீட்டிலிருந்து பார்க்காதவன் பார்க்காதவனே என்பது அவருடைய கட்சி.

இதில் கொடுமை, அக்கா அந்த மலையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். போனால் இலையுதிர் காலத்தில்தான் போக வேண்டுமாம். சரிவு முழுக்கச் சிவந்து கிடக்குமாம், பத்தே நாள்தானாம், அப்புறம் மொட்டை மரம்தானாம். அவர்கள் கல்யாண நாளும் அந்தப் பத்து நாளுக்குள்தான் வருகிறது. ஆனால் ஊரே மலைக்குக் கிளம்பும் அந்தப் பத்து நாளில் மலை ரூட் டிரைவருக்கு லீவு என்ற பேச்சே கிடையாது. சரி, உங்கள் பஸ்ஸிலேயே நானும் டிக்கெட் எடுத்து வருகிறேன் என்று அக்கா கேட்டதற்கு, நீ பின்னால் உட்கார்ந்திருந்தால் என் கண் ரோட்டில் இருக்காது என்று சொல்லிவிட்டார். இதை நினைத்து அக்கா இருபது வருஷமாக வெட்கப்படுகிறாள். எனக்கோ எரிச்சலாக வரும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அது நடந்தது. நாம் பார்த்து ரசிக்கிற அதே சிவந்த இலை, ரோட்டில் விழுந்து மழையில் ஊறினால் சோப்புத் துண்டு மாதிரி. இது டிரைவர்களுக்குத்தான் தெரியும். பத்தொன்பதாவது வளைவில் பஸ் வழுக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்து ஓரச் சுவரை இடித்தது. முன் சக்கரம் ஒன்று அந்தரத்தில். உள்ளே முப்பத்தெட்டுப் பேர். அத்தான் பிரேக்கை மிதித்த காலை எடுக்காமல், பின் கதவு வழியாக ஒவ்வொருவராக இறங்கச் சொன்னார். மீட்பு வண்டி வந்து பஸ்ஸைப் பின்னாலிருந்து சங்கிலியால் பிணைக்கும் வரை நாற்பது நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் இறங்கியாச்சு, காலை எடுங்க" என்று மீட்புக்காரர் சொன்னபோது அவரால் எடுக்க முடியவில்லை. அந்த ஆள் குனிந்து, இரண்டு கையாலும் காலைத் தூக்கி எடுத்துவிட்டாராம்.

ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. அலுவலகத்தில் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அதை டிராயரில் கவிழ்த்து வைத்தவர்தான், அப்புறம் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக உட்கார்ந்துவிட்டார். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுகிற வேலை. மாலை ஏழு பத்துக்குக் கடைசி மலை பஸ் இறங்கி வந்த பிறகுதான் தண்ணீரே குடிப்பார். மலைப் பேச்சு நின்றது. மெல்ல மெல்ல எல்லாப் பேச்சும் நின்றது. பத்தொன்பது என்ற எண்ணை அவர் வாயால் சொல்லி நான் கேட்கவில்லை. அக்காவும் அவரும் ஒரே வீட்டில், ஒரே லாட்ஜில் தங்கிய இரண்டு பேர் மாதிரி நடமாடினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருஷம் அக்கா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அவள் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறாள். பயந்து நடுங்குகிறவர்களை நாற்காலி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவள் சம்பளம் வாங்குகிற வேலை. யோசிக்க நேரம் கொடுக்கமாட்டாள், நாளைக் குறித்து அட்டையைக் கையில் திணித்துவிடுவாள். அதே ஆஸ்பத்திரி அட்டை ஒன்றில் கல்யாண நாள் தேதியையும் காலை ஏழு மணி பஸ்ஸையும் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். இரண்டு இரவு, சரிவைப் பார்த்த ஜன்னல் வைத்த அறை. அத்தான் அட்டையைப் படித்தார், குளிர்ந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார், பிடிகொடுக்கவே இல்லை.

அன்றைக்குச் சமையலறையில் அக்கா என்னிடம் சொன்னாள். "இந்தத் தடவை அவர் வரலேன்னா நான் தனியா போயிட்டு வந்துடுவேன்டி. ஆனா ஒரு தடவை தனியா போயிட்டேன்னா, அப்புறம் எல்லாத்துக்கும் தனியாத்தான் போவேன். அது எனக்கே தெரியுது."

அவள் அழவில்லை. அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சாக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் லீவு கிடைக்காது என்றார். டிப்போ மேனேஜரின் கடைவாய்ப் பல் அப்போது அக்காவின் அப்பாயிண்ட்மெண்ட் புத்தகத்தில் இருந்தது. லீவு ஒரே நாளில் வந்துவிட்டது. அடுத்து முட்டி வலி என்றார். தைலம் பையில் ஏறியது. ஸ்வெட்டர் சிறுத்துவிட்டது என்றார். நான் பக்கவாட்டில் பிரித்துத் தைத்து, அன்று மாலையே அவர் மடியில் போட்டேன். இதற்கெல்லாம் நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அப்புறம் அவர் சாக்குச் சொல்வதையே நிறுத்திவிட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது மலையில் மழை பிடித்துக்கொண்டது. அன்று கடைசி பஸ் இருபது நிமிஷம் தாமதம். அத்தான் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மிளகாய், மேல இலை கொட்ட ஆரம்பிச்சாச்சு."

அவ்வளவுதான் சொன்னார். நான் நேராக அக்காவிடம் போய், அந்த மனுஷனை விட்டுவிடு, வேறு எங்காவது போகலாம் என்று கத்தினேன். அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. பல் வலிக்காரர் ஒருமுறை நாளைத் தள்ளிப்போட்டால் அதற்கப்புறம் போன் எடுக்கவே மாட்டார் என்றாள். வலி போவதில்லையாம், வாய்தான் மூடிக்கொள்ளுமாம்.

டிக்கெட்டை முன்பே, பதிவு தொடங்கிய அன்றைக்கே போட்டு வைத்தது நான்தான். செல்போனில் பஸ்ஸின் படம் வந்தது, எல்லாச் சீட்டும் காலி. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றையும் இரண்டையும் தொட்டேன். முன் சீட்டு மகிமையை அத்தனை வருஷம் கேட்டவள் வேறு எதைத் தொடுவேன்? பெருமையாக அக்காவிடமும் சொன்னேன். அவளுக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

கிளம்புகிற அன்று காலை வழியனுப்ப நானும் போனேன். அத்தான் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரிலும் கட்டை விரலை அழுத்திப் பார்த்தார். டிரைவர் ஒரு பெண். அவருக்கு அத்தானைத் தெரியும், தள்ளி நின்று வழிவிட்டார். அத்தான் படி ஏறினார். அக்காவைப் பின்தொடர்ந்து போய்ச் சீட்டு எண்ணைப் பார்த்தார். உட்கார்ந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, எழுந்து இறங்கிவிட்டார்.

என்னைத் தாண்டிப் போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். உதடு வறண்டு வெள்ளையாக இருந்தது. பஸ்ஸுக்குள் அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். திரும்பவில்லை, கூப்பிடவில்லை. அவள் தனியாகப் போகப்போகிறாள் என்பது எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. போன வருஷம் மூவரும் ஒரு டாக்ஸியில் போனோம். அத்தான் டிரைவர் பக்கத்தில். வழியெல்லாம் அவர் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. இறங்கும்போது காலடியில் கிடந்த விரிப்பு சுருண்டு ஒரு மூலைக்குப் போயிருந்தது. நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அந்த மனுஷனைக் கொண்டுபோய், கண்ணெதிரே முழு ரோடும் தெரிய, காலுக்குக் கீழே பிரேக் இல்லாத சீட்டில் உட்கார வைத்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பஸ்ஸில் ஏறிக் கடைசி வரிசைக்கு ஓடினேன். மூலையில் புதிதாகக் கல்யாணமான ஜோடி. அவர்களை அங்கிருந்து எழுப்புவதைவிடப் பெரிய பாவம் உண்டா? மாப்பிள்ளை, ஒரு மாசத்துக்கு முன்னாலேயே இந்த இடத்தைப் பார்த்துப் போட்டோம் என்றார். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை, மிரட்டித்தான் பழக்கம். ஆனாலும் கெஞ்சினேன். முப்பத்தெட்டுப் பேரையும் பிரேக்கை விடாத அந்தக் காலையும் நாலு வார்த்தையில் சொன்னேன். அந்தப் பெண்தான் முதலில் எழுந்தாள்.

அக்காவைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு அத்தானிடம் போனேன்.

"கடைசி சீட்டு மாத்தியாச்சு அத்தான். ரோடு தெரியாது. ஆளுங்க முதுகுதான் தெரியும்."

"அவ என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லல. இறங்கவும் இல்ல."

அவர் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு அடித்து ஒரு நிமிஷம். டிரைவர் என்ஜினைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். அத்தானோ மூன்று வருஷமாக ஒரு வண்டியையும் தாமதமாகக் கிளம்ப விடாதவர்.

"என்னால வண்டி லேட்டாகக் கூடாது" என்று சொல்லி எழுந்தார். நடந்து போய் ஏறிக்கொண்டார். டைம் கீப்பர் நாற்காலியில் அவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த ஆள் நோட்டில் ஏழு இரண்டு என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்து மிஷினில் உட்கார்ந்து ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை தைத்தேன். பதினொன்றரைக்குப் போய்ச் சேர வேண்டிய பஸ். பன்னிரண்டு ஆயிற்று. எனக்கும் தண்ணீர் இறங்கவில்லை. பன்னிரண்டு பத்துக்கு அக்காவிடமிருந்து ஒற்றை வார்த்தை வந்தது: "வந்துட்டோம்." அவர் எப்படிப் போனார் என்று ஒரு எழுத்து இல்லை.

மூன்றாம் நாள் மாலை ஆறரைக்கே பஸ் நிலையத்தில் நின்றேன். வண்டி சரியாக ஏழு பத்துக்கு வந்தது. முதலில் இறங்கிய அக்கா நொண்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னாலேயே அத்தான், இரண்டு பையும் ஒரு கையில், மறு கை அவள் முழங்கையில். பன்னிரண்டாவது வளைவில் மூடுபனி இறங்கும்போதும் இருந்ததைப் பார்த்தாயா என்று அவளிடம் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் மலையைப் பற்றிப் பேசி நான் கேட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

வீட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டுதான் அக்கா சொன்னாள். அவளுடைய இடது கால் விரல்களெல்லாம் நீலம் பாரித்து வீங்கியிருந்தன.

முதல் கல் வரும்போதே அத்தான் கண்ணை மூடிவிட்டாராம். மூடிய கண்ணோடு மெல்லிய குரலில் எண்ண ஆரம்பித்தாராம். ஏழு, இடது பக்கம் பார், அருவி. இவள் பார்த்தால் அருவி இருந்ததாம். ஒன்பது, இங்கிருந்துதான் சிவப்பு தொடங்கும். தொடங்கியதாம். அத்தனை வருஷம் கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்லப் பார்த்திருக்கிறாள். ஆனால் கால் மட்டும் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் தரையை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"வெறும் தரைய மிதிச்சு மிதிச்சு அவருக்குக் கால் வெடவெடன்னு நடுங்குது. அதான் என் காலை அடியில வெச்சேன்."

பதினெட்டு வரை எண்ணினாராம். அப்புறம் சத்தம் இல்லை. முழுப் பாரத்தையும் இறக்கி மிதித்திருக்கிறார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாளாம். ஓரத்தில் புதிதாகக் கட்டிய சுவர், அதன்மேல் ஈர இலைகள். பஸ் மெதுவாகத் திரும்பி மேலே ஏறிவிட்டது. ஆனால் கால் எழும்பவில்லை. அவள் அவர் காதருகில் குனிந்து, அந்த மீட்புக்காரர் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னாளாம்.

"பத்தொன்பது முடிஞ்சிடுச்சு. எல்லாரும் இறங்கியாச்சு. காலை எடுங்க."

அவர் கண்ணைத் திறந்தாராம். குனிந்து, இவ்வளவு நேரம் யார் காலை மிதித்துக்கொண்டிருந்தோம் என்று பார்த்தாராம்.

"எடுத்தாரா?" என்றேன்.

அக்கா வெந்நீருக்குள் விரல்களை மெல்ல அசைத்துப் பார்த்தாள்.

"யாரும் தூக்கி விடலடி. அவரே எடுத்தாரு."