நிரப்பொலி

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு பகலை ஓட்ட ஏதாவது வேலை வேண்டியிருந்தது. மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் உட்கார்ந்து, மொழி ஆராய்ச்சிக்காகப் பதிவு செய்த பேச்சுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறேன்.

அன்று வந்த பதிவில் கம்மாபுரம் பக்கத்துச் சுரங்கக் கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர் பேசினார்.

"எங்க வூடு இருந்த எடத்துலதான் இப்ப மைன்ஸ் ஓடிகினு இருக்குது."

"உம்" என்றார் அருகிலிருந்த அவர் மனைவி.

"நானே அங்க ஷிப்டுக்குப் போயிகினு இருக்கறேன்."

"உம்."

அவர் தயங்கிய இடங்களிலெல்லாம் அந்த உம்தான் அவரை அடுத்த பேச்சுக்கு நகர்த்தியது. நான் வேலையில் இருந்த காலத்தில் ஷிப்ட் முடிந்து வந்து சொன்ன கதைகளுக்கெல்லாம் என் மனைவியும் சமையலறையிலிருந்து இப்படித்தான் உம் கொட்டுவாள்.

தட்டச்சு வேலைக்குத் தந்த விதிப் புத்தகத்தில் இதற்கு 'நிரப்பொலி' என்று பெயர். பொருளற்றதாம், நீக்கிவிட வேண்டுமாம். எனக்கு எரிச்சல் வந்தது. எதிரே உம் கொட்ட ஆளில்லாமல் நம் ஊரில் யார் கதை சொல்வார்கள்? மேற்பார்வை பார்க்கும் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"இது வெத்துச் சத்தம் இல்லம்மா. கேக்கறவங்களோட பேச்சு."

"புரியுது சார். ஆனா இங்கிலீஷுக்குப் போட்ட ரூல்தான் எல்லா மொழிக்கும்."

ஒவ்வொன்றாக அழித்தேன். பிறகு முழுப் பக்கத்தையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரி முடிவிலும் பழக்கத்தில் கொஞ்சம் நிறுத்தினேன்.

சமையலறையிலிருந்து எதுவும் வரவில்லை.