ஹாரனுக்கும் திரும்பாதவர்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஏற்காட்டை அடுத்த மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் என் கணவர் வாச்சராக, தோட்டக் காவலுக்கு இருந்தார். நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி.

காட்டெருமைகள் இறங்கி வந்து காபி நாற்றுகளை மிதித்து நாசமாக்கும். விரட்டுவதற்கு வாச்சர்கள் நாட்டுத் துப்பாக்கியில் வெடிமருந்தைக் கெட்டித்து வானத்தைப் பார்த்துச் சுடுவார்கள். வாச்சர் என்றாலே கத்தித்தான் பேசுவார். அது துப்பாக்கி தூக்குகிற மிதப்பு என்று தொழிலாளர் லைன் வீடுகளில் கேலி செய்வோம். "காதுல எந்நேரமும் சில்வண்டு கத்துது புள்ள" என்று இவர் சொன்னபோதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மலையில் சில்வண்டு கத்தாமல் வேறென்ன கத்தும்?

ஒரு நாள் காலை, ராத்திரிக் காவலுக்குத் தோட்டத்திலேயே தங்கிவிட்ட அவருக்குச் சோறு கொண்டு போனேன். முந்தின சாயங்காலம் பெரிய மந்தை இறங்கியதால் நிறையச் சுட்டிருந்தார். ரோட்டு வளைவிலிருந்து பார்த்தால், கீழே சரிவில் குனிந்து வேலிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒற்றைக் காட்டெருமை தலையைத் தாழ்த்தி நிற்கிறது. "ஏனுங்க, பொறகால பாருங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அடிவயிறு இழுத்துப் பிடித்தது. அவர் திரும்பவில்லை.

அந்த வழியாக வந்த ஜீப் டிரைவர், முன்பின் தெரியாதவர், வண்டியை நிறுத்தினார். "நீங்க கீழ எறங்கீராதீங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. எருமை மிரண்டு காட்டுக்குள் பாய்ந்தது. இவர் மட்டும் கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் இவருக்குக் காதே கேட்கவில்லை என்று எனக்கு உறைத்தது. டிரைவர்தான் இறங்கிப் போய் அவர் தோளைத் தொட்டார். இவர் நிமிர்ந்து, மேலே நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார். "எப்ப வந்தே புள்ள, நொம்ப நேரமாச்சா?" என்றார்.

சேலத்தில் காது டாக்டரிடம் காட்டினோம். "வெடிச் சத்தத்துல உள்ள நரம்பு செத்துப் போச்சும்மா. கனத்த சத்தம் கொஞ்சம் திரும்பலாம், மெல்லிசான குரல் திரும்பாது" என்றார். அப்படியேதான் ஆயிற்று. லாரி போவது இவருக்குக் கேட்கும். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு அதே எஸ்டேட்டில் களை வெட்டப் போனார்.

மகள் பிறந்து, முதன்முதலாக "அப்பா" என்றபோது, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், "என்ன சொல்றா?" என்று என்னைக் கேட்டார்.

பேர்கூடத் தெரியாத அந்த டிரைவரை இன்றும் மனதாரக் கும்பிடுகிறேன். மகளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அவள் குரல் எப்படி இருக்கும் என்று அவர் இன்னும் என்னைக் கேட்கிறார்.