ஐம்பத்திரண்டாம் பக்கத்துக் கிரிக்கெட்

2007 உலகக் கோப்பையில் இந்தியா முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியபோது, குவைத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குப் பெரிய சங்கடம் வந்தது. 'எங்கள்' என்று நான் சொல்வதைச் செயலாளர் கேட்டால் முகம் சுளிப்பார். அது மங்காஃபில் ஃப்ளாட் எடுத்துக் குடும்பத்தோடு இருந்தவர்களின் சங்கம். நாங்கள் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பில் அறைக்கு எட்டுப் பேராக இருந்தவர்கள். பொங்கல் விழாவுக்கு நாற்காலி தூக்கிப் போட ஆள் தேவைப்படும் அன்று மட்டும் எங்களையும் தமிழர்களாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

சங்கடம் இதுதான். இந்தியா எப்படியும் அரையிறுதிக்கு வந்துவிடும் என்று நம்பி, அந்த ஆட்டம் நடக்கும் வாரத்து வெள்ளிக்கிழமைக்கு ஓர் உணவகத்தின் மாடி ஹாலைப் பிடித்து, 'விளையாட்டுப் பொது அறிவு வினாடி வினா' என்று நோட்டீஸ் அடித்துவிட்டார்கள். இந்தியாவோ வங்கதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் ஹாலுக்குச் சொல்லியாகிவிட்டது, பிரியாணிக்கும் சொல்லியாகிவிட்டது. துக்க வீட்டில் கச்சேரி வைத்த மாதிரிதான் அந்த விழா நடந்தது.

முதல் பரிசு, சென்னைக்குப் போய்வர ஒரு விமான டிக்கெட். யாரோ ஒரு டிராவல்ஸ்காரர் கொடுத்தது. நோட்டீஸின் அடியில் 'கேம்ப் சகோதரர்களும் கலந்துகொள்ளலாம்' என்று ஒரு வரி இருந்தது. அந்த 'உம்' எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பெயர் கொடுத்தேன், காரணம் என் வாய். நான் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். கேம்ப் மெஸ்ஸில் கிரிக்கெட் சண்டை வந்தால் தீர்ப்பு என்னுடையது. எந்த வருடம், எந்த மைதானம், எத்தனை ரன் என்று கேட்டால் சாப்பிட்டுக்கொண்டே சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அணிக்கு இருவர் வேண்டும் என்றார்கள். என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுத்தவன் தானாகவே வந்தான். ராமநாதபுரம் பக்கத்துக்காரன், சைட்டில் சாரம் கட்டுபவன். மனைவி ஆறு மாதம் சுமந்துகொண்டிருந்தபோது விமானம் ஏறியவன். பெண் குழந்தை பிறந்த செய்தியை சாரத்தின் நாலாவது தட்டில் நின்றுகொண்டு போனில் கேட்டான். மே மாதம் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். கம்பெனி டிக்கெட் இரண்டு வருடம் முடிந்தால்தான். ஃபோர்மேன் மட்டும் கொஞ்சம் மனசு வைத்து, "டிக்கெட் லாவோ, பந்த்ரா தின் சுட்டி லேலோ, கலாஸ்" என்றிருந்தார். டிக்கெட்டை மட்டும் அவன் கொண்டுவந்தால் பதினைந்து நாள் லீவு உறுதி.

"பிறந்தநாளைக்குப் போயிட்டு வந்திருவேண்ணே. பிள்ள இப்பத்தான் சுவத்தப் புடிச்சு நடக்குதாம். அதுக்கு ஆளு அடையாளம் தெரியிறதுக்குள்ள நா முகத்தக் காட்டிப்புடணும்" என்றான்.

"டிக்கெட் உனக்குத்தான்பா. நான் பேருக்காகத்தான் வர்றேன்" என்றேன். பேருக்காக என்று நான் சொன்னது எவ்வளவு உண்மை என்பது அப்போது எனக்கே தெரியவில்லை.

கோட்டு போட்டுக்கொண்டு கேள்வி கேட்க வந்தவர் ஓர் என்ஜினியர். ஏசி ஓடியும் வேர்த்தது அவருக்கு. மூன்றாவது கேள்வியிலேயே என் கூட்டாளி என் தொடையைக் கிள்ளினான்.

"அண்ணே, இது நம்ம கைடு. அம்பத்திரண்டாம் பக்கம்."

எந்த கைடு என்று விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் குரூப் ஃபோர் பரீட்சை எழுதிய ஒவ்வொருவனின் தலையணைக்குக் கீழும் இருந்த பொது அறிவு கைடு அது. தேறியவர்கள் தாலுகா ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். தேறாதவர்கள் மங்காஃபில் அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தோம். அவன் மூன்று முறை எழுதியவன். லீவில் போகும்போது நாலாவது முறையும் எழுதலாம் என்று அட்டை கிழிந்த அந்த கைடைப் பெட்டியில் வைத்துக் குவைத்துக்கே கொண்டுவந்திருந்தான். கோட்டுக்காரர் சொந்தமாக ஒரு கேள்வி கூடத் தயாரிக்கவில்லை. பக்கத்தை வரிசை மாறாமல் அப்படியே இறக்கியிருந்தார்.

அதன்பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. நவீன ஒலிம்பிக் முதலில் எங்கே? ஏதென்ஸ், 1896. முதல் உலகக் கோப்பை கிரிக்கெட்டை வென்றது? வெஸ்ட் இண்டீஸ், 1975. இந்தியா வென்ற 1983 இறுதி ஆட்டத்தில் நாம் எடுத்த ரன்? 183. "அடுத்து ஆசியக் கோப்பைண்ணே" என்று அவன் முணுமுணுத்தான். முதல் ஆசியக் கோப்பை எங்கே நடந்தது என்று கோட்டுக்காரர் கேட்டார். ஷார்ஜா, 1984. கேம்ப்பிலிருந்து வந்து பின்வரிசையில் நின்றவர்கள் விசிலடித்தார்கள். முன்வரிசைக் குடும்பங்கள் திரும்பிப் பார்த்தன.

ஒரே ஒரு முள் தொண்டையில் சிக்கியது. 'ஒலிம்பிக்கில் ஒருபோதும் இடம்பெறாத விளையாட்டு எது?' கைடின்படி கிரிக்கெட். தப்பு. 1900இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் உண்டு. இங்கிலாந்துக்காரர்களும் பிரான்ஸும் மட்டும் மோதிக்கொண்டார்கள். அந்த பிரான்ஸ் அணியிலும் பெரும்பாலும் பாரிஸில் குடியிருந்த ஆங்கிலேயர்கள்தான். கல்ஃப் நாட்டுக் கிரிக்கெட் அணிகளைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஆடுபவன் ஒரு நாட்டுக்காரன், சட்டையில் இருப்பது வேறு நாடு. வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய ஆங்கிலப் புத்தகத்தில் இதையெல்லாம் நான் படித்திருந்தேன். கூட்டாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கைடுல உள்ளதையே சொல்லுங்கண்ணே" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு "கிரிக்கெட்" என்றேன். பத்து மதிப்பெண் வந்தது. '1900, பாரிஸ்' என்று நோட்டீஸின் ஓரத்தில் கிறுக்கிக்கொண்டேன்.

கடைசியில் இரண்டு அணிகள் சமமாக நின்றன. ஒன்று நாங்கள், இன்னொன்று செயலாளரின் மைத்துனரும் அவர் மனைவியும். அவர் வங்கிக்காரர். குடும்பம் முழுக்க வருடா வருடம் ஊருக்குப் போய்வர கம்பெனியே டிக்கெட் கொடுக்கும் வேலை. வெற்றியைத் தீர்மானிக்க ஒரே கேள்வி, முதலில் எங்களுக்கு, தவறினால் அவர்களுக்கு. அணித் தலைவர் வாயிலிருந்து வருவதுதான் பதில். வயதில் மூத்தவன் என்பதால் தலைவர் நான்.

"முதல் சர்வதேசக் கிரிக்கெட் போட்டியில் மோதிய நாடுகள் எவை?"

"ஆஸ்திரேலியா, இங்கிலாந்துண்ணே. கடைசி வரி" என்று காதோரம் சொன்னான் கூட்டாளி. அவன் குரலில் அப்போதே சந்தோஷம் வந்துவிட்டது.

எனக்கும் தெரியும். 1877, மெல்போர்ன். ஆனால் அது முதல் டெஸ்ட். முதல் சர்வதேசப் போட்டி அதற்கு முப்பத்து மூன்று வருடம் முன்பே நியூயார்க்கில் நடந்துவிட்டது. முன்வரிசையைப் பார்த்தேன். மைத்துனர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஸ்டோரில் ஆணியும் க்ளாம்பும் எண்ணுபவனுக்கு இது எப்படித் தெரியும் என்ற சிரிப்பு அது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. பாவம், அவர் சும்மாகூடச் சிரித்திருக்கலாம்.

"அமெரிக்கா, கனடா" என்றேன்.

ஹால் கொல்லென்று சிரித்தது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டேன். 1844, நியூயார்க், கனடா இருபத்து மூன்று ரன் வித்தியாசத்தில் வெற்றி என்று ஆரம்பித்து, சர்வதேசப் போட்டிக்கும் டெஸ்டுக்கும் உள்ள வேறுபாடுவரை பிரசங்கம் செய்தேன். கோட்டுக்காரர் பரிதாபமாக என்னைப் பார்த்தார்.

"சார், அமெரிக்காக்காரன் பேஸ்பால் ஆடுறவன் சார்."

"நடுவர் தீர்ப்பே இறுதியானது. பிரியாணி ஆறுது" என்றார் செயலாளர்.

மைத்துனரின் மனைவி ஐம்பத்திரண்டாம் பக்கத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தார். கைதட்டல் ஓய்ந்தபோது அவர்கள் கையில் டிக்கெட் இருந்தது. எங்களுக்கு ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம், டயலில் சங்கத்தின் பெயரோடு.

கேம்ப் பஸ்ஸில் அவன் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அமெரிக்காவும் கனடாவுமாண்ணே?"

"ஆமாப்பா."

"நெசமாவா?"

"சத்தியமா."

"அப்பச் சரிண்ணே" என்றான்.

அந்த 'சரி' எனக்குப் போதவில்லை. மறுநாள் கம்பெனி ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி, இன்டர்நெட்டிலிருந்து நியூயார்க் போட்டியின் விவரத்தைப் பிரிண்ட் எடுத்தேன். ஒன்றைச் செயலாளருக்கு அனுப்பினேன், ஒன்றை மெஸ் நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். 'தகவலுக்கு நன்றி, அடுத்த ஆண்டு கவனத்தில் கொள்கிறோம்' என்று செயலாளரிடமிருந்து பதில் வந்தது. வெற்றி பெற்றவன்போல அந்தக் கடிதத்தையும் போர்டில் ஒட்டினேன். என் கூட்டாளி டியூட்டி முடிந்து சிமெண்ட் படிந்த சட்டையோடு வந்து, இரண்டையும் வரிவரியாகப் படித்தான்.

"இதக் காட்டுனா டிக்கெட்டக் குடுப்பாங்களாண்ணே?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். அன்று மாலை இரண்டு தாள்களையும் கிழித்தெறிந்தேன். அந்த டிக்கெட்டுக்கு மூன்று மாதக் கெடு. மைத்துனருக்கு லீவு ஆகஸ்டில்தான் என்பதால் யாருக்கும் உதவாமல் அது காலாவதி ஆனது என்று பின்னால் மங்காஃபில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் சொன்னார். செயலாளரைத் திட்டுவதற்கு எனக்கு அது நன்றாகப் பயன்பட்டது. ஒரு மாதம் திட்டினேன். அதற்குமேல் முடியவில்லை, ஏனென்றால் டிக்கெட்டை அவர் மைத்துனர் கையில் கொடுத்தவன் நான்தான்.

மறு வருடம் பிப்ரவரியில் அவனுக்கு கம்பெனி டிக்கெட் வந்தது. ஊர் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் என் மொபைலுக்குப் பேசினான். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"பிள்ள கிட்டயே வரமாட்டேங்குதுண்ணே. தூக்குனா அலறுது. அப்பா எங்கன்னு கேட்டா ஓடிப்போய்ச் சுவத்துல உள்ள என் போட்டோவத் தொடுது."

"பழகிடும்பா" என்றேன்.

"பழகிரும்ணே. நாந்தான் உங்கப்பான்னு நாலு நாளாச் சொல்றேன். சரியான பதிலத்தான் சொல்றேன், ஒத்துக்கிற மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.