பயணியாகப் போன டிரைவர்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே எப்போதாவதுதான் நினைவுக்கு வரும். டெப்போவில், கடைத்தெருவில், பால் ஊற்றுகிறவர் வாயில்கூட அவர் ‘ஸ்டியரிங்’தான். முப்பது வருஷம் தொலைதூர பஸ் ஓட்டிவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்றார். மனுஷன் தங்கம். ஒரே ஒரு குறை, வீட்டில் நல்லது கெட்டது எதற்கும் ஆள் இருக்கமாட்டார். கேட்டால், “வண்டி இருக்கே” என்பார். தங்கை பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அன்று வண்டி இருந்தது. அவள் நர்ஸ் வேலைக்கு முதல் நாள் போன அன்றும் வண்டி இருந்தது. அவருக்குப் பெண் பார்க்க நாள் குறித்தபோதுகூட வண்டி இருந்தது, அதனால் கல்யாணம் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று.

அண்ணன்தான் அப்படி, தங்கையாவது சுதாரித்தாளே. ஐம்பதை நெருங்கும் வயதில், தன் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொள்வதென்று முடிவெடுத்து அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“ரிஜிஸ்டர் கல்யாணம்தாண்ணா. சாயங்காலம் நாலு மணிக்கு. என் பக்கத்து சாட்சிக் கையெழுத்து நீதான் போடணும். இப்பதான் வண்டி இல்லையே, வந்துடுவியா?”

“என்ன கேள்வி இது? நாலு மணின்னா நான் மூணு மணிக்கே அங்க இருப்பேன்.”

சொல்லிவிட்டார். வாயால் சொல்ல டீசலா செலவாகிறது?

அன்று காலையில் நேரத்துக்கு பஸ் ஏறி, புதுச் சட்டை வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். போனைச் சீட்டுப் பக்கத்திலேயே சார்ஜில் போட்டார். டிரைவர் சின்ன வயசு. கியரை மாற்றும்போதெல்லாம் இவருக்கு இங்கே பல் கூசியது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. பயணி என்றால் பயணியாக இருக்க வேண்டும் என்று தனக்குத் தானே கண்டித்துக்கொண்டார்.

பாதி வழியில் வண்டி சாப்பாட்டுக்கு நின்றது. இறங்கியதும் கால் எங்கே போயிற்று என்கிறீர்கள்? ஓட்டலுக்குப் பின்பக்கம், டிரைவர்கள் மட்டும் சாப்பிடும் அறைக்கு. பழக்கம் பொல்லாதது. ஓட்டல்காரர் இவரைப் பார்த்ததும், “வாங்க ஸ்டியரிங், எங்க ஆளையே காணோம்?” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? வேறு வண்டிகளின் டிரைவர்கள் ரெண்டு பேர் இருந்தார்கள். பேச்சு எங்கெங்கோ போயிற்று. இடையில் ஒரு தடவை கதவுப் பக்கம் பார்த்தார். நம்ம வண்டி டிரைவர் இன்னும் சாப்பிட வரவில்லை, வராமல் வண்டி எங்கே போய்விடும் என்று இன்னொரு டீ சொன்னார்.

அந்தப் பையனோ வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவந்து, சீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டு, கையையும் கழுவிவிட்டான். கண்டக்டர் “எல்லாரும் வந்தாச்சா?” என்று குரல் கொடுத்தார். யாரோ ஒரு மகராசன் “வந்தாச்சு, போலாம்” என்றான். எல்லா வண்டியிலும் அப்படி ஒருவன் இருப்பான்.

ஸ்டியரிங் முகம் கழுவி, துண்டால் துடைத்து, டயர்களைத் தட்டிப் பார்க்கலாம் என்று வெளியே வந்தார். வண்டி நின்ற இடத்தில் சொட்டு ஆயில் மட்டும் இருந்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முப்பது வருஷமாக அவர் ஏறாமல் எந்த பஸ்ஸும் கிளம்பியதில்லை. கிளம்பவும் கூடும் என்று அவருக்குத் தோன்றியதேயில்லை.

பை போயிற்று, போன் போயிற்று. ஓட்டல்காரர் தன் போனை நீட்டினார். தங்கையின் நம்பர் ஞாபகத்தில் இருந்தால்தானே? டெப்போ நம்பர் நாலு விதமாக வந்தது, கூடப் பிறந்தவள் நம்பர் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை என்றுதானே நினைப்பாள்? ஏமாந்து ஏமாந்து பழகியவள், யாரையாவது கூப்பிட்டுக் கையெழுத்தை வாங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

பிளாஸ்டிக் நாற்காலி ஏற்றிய லாரி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. ஓட்டியது ஒரு அம்மா. ஓட்டல்காரர் சொல்லி ஏற்றிவிட்டார். கொஞ்ச தூரம் போனதும் அந்த அம்மா இவருடைய காலையே பார்த்தார்.

“அண்ணே, நீங்க டிரைவரா?”

“எப்படித் தெரியும்?”

“வளைவுக்கு வளைவு மிதிக்கிறீங்களே. இந்த லாரியில ஒரு பிரேக்தான் இருக்கு. அது என் காலுக்குக் கீழ இருக்கு. நீங்க சும்மா வாங்க.”

அசடு வழியக் காலை மடக்கிக்கொண்டார். கதையைச் சொன்னதும் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, “ஆனா வழியில ஒரு குடோன்ல பாதி சரக்கு இறக்கணுமே” என்றார். குடோன் வந்ததும் ஸ்டியரிங் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே நாற்காலிகளை இறக்கினார். கூலிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

பகலில் லாரி ஊருக்குள் போகக்கூடாது. எல்லையில் இறங்கி, நின்று நின்று போகும் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு, தலை முதல் கால்வரை புழுதியாகப் பதிவு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது ஐந்தைத் தாண்டிவிட்டது. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒருவரையும் காணோம். கல்யாணம் முடிந்து போய்விட்டார்கள் என்றே நினைத்தார்.

உள்ளே நடையில், பெஞ்சில் தங்கை இருந்தாள். பக்கத்தில் மருந்துக்கடைக்காரர். காலடியில் அவருடைய பை. அலுவலகத்து அம்மா சாவிக்கொத்தோடு கதவருகே நின்றபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்துட்டாரும்மா உங்க ஆளு” என்றார், உயிர் வந்தவர் போல. “முறை வரும்போதெல்லாம் அடுத்தவங்களை அனுப்பு, அடுத்தவங்களை அனுப்புன்னு என் உயிரை வாங்கிட்டாங்க.”

தங்கை பையிலிருந்த புதுச் சட்டையை உதறி நீட்டினாள். “முதல்ல இதை மாத்து. உனக்குப் போன் பண்ணினேன், கண்டக்டர்தான் எடுத்தாரு. ஓட்டல்ல விட்டுட்டோம்னு பதறினாரு. இவர்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பையை வாங்கிட்டு வந்தாரு.”

“மன்னிச்சுக்கம்மா” என்றார் ஸ்டியரிங். “நான் எங்க மாட்டிக்கிட்டேன்னு தெரிஞ்சப்புறம் வேற யாரையாவது வெச்சு முடிச்சிருக்கலாமே. எதுக்கு உக்காந்திருந்தே?”

“நல்லாருக்கே” என்றாள் தங்கை, புதுச் சட்டையின் பொத்தானைக் கழற்றிக்கொண்டே. “டிரைவர் ஏறாம வண்டி எப்படிண்ணா கிளம்பும்?”

சட்டையை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். மாற்றிக்கொள்ள வெகு நேரம் ஆயிற்று. அலுவலகத்து அம்மாவும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் வந்து, மருந்துக்கடைக்காரரின் பேனாவை வாங்கி, அவருக்கே எப்போதாவது நினைவுக்கு வரும் அந்தப் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.