வேட்டி கட்டிய பேய்

எங்கள் குடும்பத்தில் இதுவரை எடுக்கப்பட்ட ஒரே பேய்ப்படத்தில் அத்தைதான் பேய். எடுத்தவர் சித்தப்பா. கொழும்பில் துணிக்கடையொன்றில் வேலை பார்த்த அவர், அந்தத் தீபாவளிக்குப் புதுப் போனோடு ஹாலிஎலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

கதையை அவரே தீர்மானித்தார். தேயிலைக்குள்ளிருந்து பேய் வரும், பூசாரி விரட்டுவார். பூசாரியும் அவர்தான். எனக்கு அந்த வேடத்தின் மேல் ஒரு கண்.

“பொம்பளப் புள்ள பூசாரியா நின்னா யாரு நம்புவா? நீ பேயைப் பாத்துக் கத்திட்டு மயங்கி விழு. அது போதும்.”

“அப்ப பேய் மட்டும் ஏன் சித்தப்பா பொம்பளையா இருக்கணும்?”

“ஆம்பளப் பேயை யாரு பாப்பா?”

அத்தை அவருக்கு மூத்தவள். கல்யாணமாகி ஆறே மாதத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருந்த எங்கள் லயத்துக்குத் திரும்பி வந்து, மறுபடியும் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். “ஒனக்கு மேக்கப்பே வேணாம்க்கா, முடியை அவுத்து விட்டாலே போதும்” என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தோம். அத்தையும் சிரித்தாள். வெள்ளைச் சேலை கிடைக்காததால் சித்தப்பாவின் எட்டு முழ வேட்டியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு, மதிய வெயிலில் எங்களோடு மலையேறினாள்.

போனைப் பிடித்தவன் என் அண்ணன். பேய் வரும்போது காற்றடிக்க வேண்டும் என்றார் சித்தப்பா. காற்று இல்லை. ஆகவே அவரே போய்ப் பக்கத்திலிருந்த மரக்கிளையைப் பிடித்து உலுக்கினார்.

அந்தக் கிளையில் குளவிக்கூடு இருந்தது.

என் காதருகே ரீங்காரம் கேட்டது. கழுத்தில் நெருப்பை வைத்தது போல ஒரு கொட்டு. பூசாரி ஓடினார். போனைப் போட்டுவிட்டு அண்ணன் ஓடினான். எனக்குக் கால் எழவில்லை. எதிரே அத்தை வேட்டியை உருவினாள். உள்ளே பழைய கவுன் போட்டிருந்தாள். என்னைத் தேயிலைத் தூருக்கடியில் தள்ளி, வேட்டியால் தலையோடு மூடி, மேலே கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. குளவிகள் அடங்கிய பிறகு, சாக்கைப் போர்த்திக்கொண்டு முதலில் திரும்பி வந்தவர் சித்தப்பாதான். அத்தையை முதுகில் சுமந்து ரோட்டுக்கு இறங்கி, கிடைத்த லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எனக்கு ஒரே ஒரு கொட்டு. அத்தையின் முதுகில் எத்தனை என்று எண்ண முடியவில்லை.

மறுநாள் அவளது முகம் வீங்கி, கண் ஒரு கோடாக இருந்தது. சித்தப்பா கட்டிலருகே நின்று அழுதார். “நான் திரும்பிக்கூடப் பாக்கலக்கா. ஓடிட்டேன்.”

“காலு இருந்தா ஓடத்தான் செய்யும். அழுவாம போயி ஒரு டீ வாங்கிட்டு வா” என்றாள் அத்தை.

அண்ணன் தேடி எடுத்து வந்த போனில், அது கீழே விழுந்த பிறகும் படம் ஓடிக்கொண்டேயிருந்திருக்கிறது. வானமும் நாலு தேயிலை இலையும் மட்டும் தெரிந்தன. ஓர் அலறல் நீளமாகக் கேட்டது. நான்தான் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அது சித்தப்பாவின் குரல். பக்கத்துக் கட்டில் நோயாளிகள் வரை சிரித்தார்கள். டீயோடு வந்த சித்தப்பாவும் சிரித்தார்.

அலறல் ஓய்ந்த பின் என் குரல் கேட்டது. “அத்தை, ஏன் இப்பிடி ஆடுற? சிரிக்கிறியா?”

“ஆமாடி, சிரிக்கிறேன். கண்ணைத் தொறக்காத.”

அவள் போட்ட உயிர்ப்பிச்சையில்தான் இன்று இதை எழுதுகிறேன். அன்றோ, வார்டுக்கு வந்த நர்ஸிடம் பெருமையாகச் சொன்னேன்: “எங்க அத்தைக்குப் பயமே இல்ல மிஸ். குளவி கொட்டக் கொட்ட சிரிச்சுக்கிட்டே இருந்திச்சு.”

நர்ஸ் அத்தையைப் பார்த்தார். அத்தை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் தூக்கம் வருகிறது என்று நினைத்து, போர்வையை இழுத்து விட்டேன்.